சிறு வணிகருக்கு இணையதளம் எதற்கு?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது, தாராவியில் முறுக்கும் அதிரசமும் செய்து கடைகளுக்குப் போடும் அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “உங்க கடைக்கு இணையதளம் வச்சிருக்கீங்களாமே சார். நம்ம மாதிரி சின்ன ஆளுங்களுக்கு அது எதுக்கு? வாட்ஸ்ஆப் போதாதா?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அது நியாயமான கேள்வி. நம் சங்கத்தில் இட்லி மாவு விற்பவர், அச்சகம் வைத்திருப்பவர், வீட்டில் பாட்டு சொல்லிக் கொடுப்பவர் என்று சிறு தொழில் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அந்தப் பதிலை இங்கே விவரமாக எழுதுகிறேன். நான் கணினி படித்தவன் அல்லன், தையல்காரன். ஆகவே எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்ல முடியும்.

பெயர்ப் பலகை போன கதை

என் தந்தையார் 1974இல் கும்பகோணத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர். மாதுங்காவில் பழைய கட்டடம் ஒன்றில், பகடி முறையில், பத்துக்குப் பத்தடியில் ஒரு கடை எடுத்துப் பரதநாட்டிய உடைகள் தைக்கத் தொடங்கினார். விளம்பரம் என்று எதுவும் கிடையாது. வாசலில் ஒரு பெயர்ப் பலகை, அவ்வளவுதான். நாட்டிய ஆசிரியைகள் வாய்வழியாகச் சொல்லி அனுப்புவார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் அப்படியே ஓடின.

2019இல் கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொன்னார்கள். சயான் கோலிவாடாவில் முதல் மாடியில் ஓர் அறைக்கு மாறினோம். புதிய விலாசத்தை எழுதிப் பழைய கடையின் ஷட்டரில் ஒட்டிவிட்டு வந்தேன். சில மாதங்களில் கட்டடம் போயிற்று, ஷட்டரும் போயிற்று, காகிதமும் போயிற்று. தேடி வந்தவர்கள் மண்மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அப்போது எங்களுக்குத் துணையாக இருந்தது, என் மகள் ஒரு சமூக ஊடகத்தில் 2016இல் தொடங்கி வைத்திருந்த பக்கம்தான். தைத்த உடைகளின் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. வெளியூர்க்காரர்களும் அதைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

2022ஆம் ஆண்டு நவராத்திரி சமயம். எங்கள் தொழிலில் அதுதான் சீசனின் தொடக்கம். ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “உங்கள் பக்கத்துக்கு அங்கீகாரக் குறி தரப்போகிறோம், இப்போது வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்” என்றார். ஊசியும் கையுமாக இருந்த நான், யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பக்கம் அவர் கைக்குப் போய்விட்டது. ஆறு வருடப் படங்கள், வாடிக்கையாளர்களின் செய்திகள், எல்லாம் போயின. மீட்டுத் தரும்படி அந்த நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களுக்கு இயந்திரம்தான் பதில் போட்டது.

அதோடு முடியவில்லை. ஒரு வாரம் கழித்து நாக்பூரிலிருந்து ஒரு தாயார் பேசினார். “அண்ணா, அட்வான்ஸ் அனுப்பிட்டேன். பொண்ணோட அளவு எப்ப சொல்லட்டும்?” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பெயரில், எங்கள் படங்களைக் காட்டி, அந்த ஆசாமி அவரிடம் 6,500 ரூபாய் வாங்கியிருக்கிறான். சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் உடனே புகார் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். ஆனால் பணம் கைமாறி நாட்கள் ஆகிவிட்டபடியால் திரும்பக் கிடைக்கவில்லை.

அப்பா சொன்னார்: “பணம் நம்ம கைக்கு வரலை, வாஸ்தவம்தான். ஆனா அந்தம்மா நம்ம பேரை நம்பித்தானே குடுத்தாங்க?” துணி விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தோம். ஆனால் அந்த அம்மையார் துணி விலையை அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்டார். “தப்பா நினைக்காதீங்க அண்ணா. இப்ப பேசறது உண்மையிலேயே நீங்கதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. பழைய கடை இருந்திருந்தால், “மாதுங்காவில் யாரை வேண்டுமானாலும் அனுப்பிப் பாருங்கள்” என்று சொல்லியிருப்பேன். எங்கள் இணையதளம் பிறந்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

சொந்த இடமும் இரவல் இடமும்

ஓர் இணையதளத்துக்கு மூன்று உறுப்புகள். முதலாவது பெயர், இதை டொமைன் என்கிறார்கள். இது விலாசம் போன்றது. இரண்டாவது, நம் படங்களையும் எழுத்துகளையும் வைத்திருக்கும் கணினியில் இடம், இது ஹோஸ்டிங். மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நாம் எழுதும் பக்கங்கள். மனைமேல் கட்டிய வீடு. மனை பிடிக்காவிட்டால் வீட்டைப் பெயர்த்து வேறு மனைக்குக் கொண்டுபோகலாம், விலாசம் மாறாது. செங்கல் வீட்டில் நடக்காத காரியம் இங்கே நடக்கும்!

இந்த ஏற்பாடு 1991இல் ஐரோப்பாவில், செர்ன் என்ற அணு ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரால் வெளியிடப்பட்டது. 1993இல் செர்ன் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ‘டாட் இன்’ என்று முடியும் இந்தியப் பெயர்கள் 2005 முதல் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கின்றன. ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் உண்டு.

சமூக ஊடகப் பக்கம் அப்படியல்ல. அது இன்னொருவர் வீட்டுத் திண்ணை. உட்கார இடம் கொடுப்பார்கள். ஒரு நாள் கதவைச் சாத்தினால் நாம் கேள்வி கேட்க முடியாது. ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் மொய்த்துக் கிடந்த ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. டிக்டாக் 2020 ஜூனில் அரசு ஆணையால் நின்றது. அதை நம்பி வியாபாரம் வளர்த்தவர்கள் ஒரே இரவில் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். சிறு வணிகர்களுக்கு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த எளிய இணையப் பக்கங்களும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன.

ஆகவே திண்ணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாட்ஸ்ஆப்பும் வேண்டும், கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவதும் வேண்டும். ஆனால் எல்லாத் திண்ணைகளிலிருந்தும் கைகாட்டுவதற்குச் சொந்தமாக ஒரு வீடு வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து, வாடகை வீடுகளில் காலம் தள்ளிய நமக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

நான் கண்ட பயன்கள்

1. சரிபார்க்க ஓர் இடம். எங்கள் முதல் பக்கத்திலேயே, “பணம் அனுப்புமுன் இந்த எண்ணில் அழைத்துப் பேசுங்கள். எங்கள் வங்கிக் கணக்கு இந்தப் பெயரில் மட்டுமே உள்ளது” என்று எழுதியிருக்கிறோம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயன்.

2. இடம் மாறினாலும் விலாசம் மாறாது. ரசீது, துணிப்பை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் இணையதளப் பெயரைத்தான் அச்சிடுகிறோம். நாளையே வேறு இடத்துக்குப் போனாலும் ஒரு பக்கத்தைத் திருத்தினால் போதும்.

3. ஒரே கேள்விக்குப் பலமுறை பதில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நாளாகும், பாவாடை மாதிரிக்கும் பைஜாமா மாதிரிக்கும் கூலி என்ன வித்தியாசம், சேலை நாங்கள் கொண்டுவர வேண்டுமா? இவற்றுக்கு ஒரு நாளில் பத்துமுறை பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தி நிறுத்தித்தான் பேச வேண்டும். இப்போது பாதிப் பேர் படித்துவிட்டுத்தான் அழைக்கிறார்கள்.

4. வெளியூர் வேலை. அளவு எடுப்பது எப்படி என்று படங்களுடன் ஒரு பக்கம் போட்டிருக்கிறோம். நின்றபடி எடுக்கும் அளவு போதாது, அரைமண்டியில் இருக்கும்போதும் எடுக்க வேண்டும் என்பது பல தாய்மார்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் வந்தபின், தைத்து அனுப்பிய உடை திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. தையல் கூலியைவிடத் திருத்தும் வேலைதான் எங்களுக்கு நஷ்டம்.

5. மொழி. எங்கள் தளம் ஆங்கிலம், மராத்தி, தமிழ் மூன்றிலும் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தை அதிகம் பேர் படிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வடசேரிக் கோவில் நகை பற்றி எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, நாகர்கோவில் பக்கத்து நகைக் கைவினைஞர் ஒருவரே எங்களை அழைத்தார். இப்போது ராக்கொடியும் நெற்றிச்சுட்டியும் அவரிடமிருந்து நேராக வருகின்றன.

கவனிக்க வேண்டியவை

இணையதளம் வைத்த மறுநாளே கூட்டம் வந்து நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்கு முதல் நான்கு மாதங்கள் ஒருவரும் வரவில்லை. அது ஆளை இழுத்து வராது. தேடி வருகிறவரைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆகும். இடத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம். முதல் வருடம் விலையைக் குறைத்துக் காட்டி, இரண்டாம் வருடம் ஏற்றுவது வழக்கம். ஆகவே புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

பெயரை உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே பதிவு செய்யுங்கள். தளம் அமைத்துக் கொடுக்கும் பையன் தன் பெயரில் பதிந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், வீட்டுப் பத்திரம் கொத்தனார் பெயரில் இருப்பது போலத்தான். வருடா வருடம் புதுப்பிக்கவும் மறக்கக் கூடாது. தவறினால், சில வாரங்களில் வேறொருவர் அந்தப் பெயரை வாங்கிவிடலாம்.

படங்களுக்கு வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் படத்தைப் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். நாங்கள் இப்போது பெரும்பாலும் உடையைப் பொம்மைக்கு அணிவித்தே படம் எடுக்கிறோம். விலாசம் ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்; பார்ப்பவர் தரும் விவரங்களை நடுவில் யாரும் படிக்க முடியாது. இதற்குத் தனிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். 2015 இறுதியிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவர், விற்பனை குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது விதி. சிலவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் கணக்குப் பார்ப்பவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தொடங்குமுன் ஒரு தாள்

கணினியைத் தொடுமுன் ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதுங்கள். நீங்கள் யார், எத்தனை வருடமாக இத்தொழில் செய்கிறீர்கள்? என்ன விற்கிறீர்கள்? விலை என்ன, எத்தனை நாளில் கிடைக்கும்? பொருள் சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்? எங்கே, எந்த நேரத்தில் உங்களைச் சந்திக்கலாம்? இவற்றுக்கு உண்மையான பதில் எழுதிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதியை உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரே நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவிடுவார். எங்களுக்குச் செய்தது என் மகள்தான்.

சென்ற வருடம் அதே நாக்பூர் அம்மையார் தம் இளைய மகளின் அரங்கேற்றத்துக்கு உடை தைக்கக் கேட்டார். முன்பணம் எவ்வளவு என்று சொன்னேன். “சரி” என்று போனை வைத்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் கடை எண்ணுக்கு அவரிடமிருந்தே அழைப்பு வந்தது. “உங்க தளத்துல இருக்கிற நம்பருக்குப் பேசிப் பாத்துட்டு அனுப்பலாம்னு கூப்பிட்டேன். தப்பா நினைக்காதீங்க அண்ணா.”

“தப்பே இல்லைம்மா. இனிமே எப்பவும் இப்படியே பண்ணுங்க” என்றேன்.

முறுக்கு அன்பருக்கு என் பதில் இதுதான். உங்கள் சரக்கின் ருசி தாராவியில் எல்லோருக்கும் தெரியும். தாராவியிலும் கட்டடங்கள் மாறத்தான் போகின்றன. அன்றைக்கு உங்களைத் தேடி வருகிறவர், “இவர்தான் அவர்” என்று தெரிந்துகொள்ள ஓர் இடம் இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளை எழுதி எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.