கட்டுமான அட்டவணையும் கடன் தவணையும்

வீட்டுவசதிக் கடன் பெறுவோர் வட்டி விகிதத்தைக் கூர்ந்து ஆராய்கின்றனர். கட்டுமான நிறுவனத்தின் கால அட்டவணையை அவ்வாறு ஆராய்வோர் குறைவு. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இதுவரை வழங்கப்பட்ட கடன் 24 லட்சம் ரூபாய், ஆண்டு வட்டி 9 விழுக்காடு எனில், மாத வட்டி 18,000 ரூபாய். அத்துடன் வீட்டு வாடகை 15,000 ரூபாய் எனக் கொள்வோம். பணி மூன்று மாதம் தாமதமானால், அசலில் ஒரு ரூபாயும் குறையாமல் 99,000 ரூபாய் செலவாகிவிடும். ஆகவே, அட்டவணை எவ்வாறு அமைகிறது, எவ்வாறு நடைமுறைக்கு வருகிறது என்பதை அறிவது வாடிக்கையாளருக்கும் பயன் தரும்.

நிலையான அட்டவணை என்பது யாது?

ஒரே வகை வீடுகளைத் தொடர்ந்து கட்டும் நிறுவனத்தில் வேலைகளின் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. கடைக்கால் தோண்டுவது முதல் சாவி ஒப்படைப்பது வரை ஒவ்வொரு பணிக்கும் எத்தனை நாள், அதற்குமுன் எது முடிந்திருக்க வேண்டும், யார் பொறுப்பு என்று வகுத்து வைப்பதே நிலையான அட்டவணை. தொடங்கும் நாள் வீட்டுக்கு வீடு வேறுபடும், வரிசை வேறுபடாது.

சுவருக்குள் செல்லும் மின்குழாய்கள் பதிந்த பின்னரே பூச்சு வேலை தொடங்கலாம். குளியலறையில் நீர்க்கசிவுச் சோதனை முடிந்த பின்னரே தரை ஓடு பதிக்கலாம். இத்தகைய பணிகளில் ஒரு நாள் தவறினால், பின்வரும் பணிகளும் தள்ளிப்போகும். சுற்றுச்சுவர் வண்ணப்பூச்சு போன்றவை சில நாள் தாமதித்தாலும் ஒப்படைப்பு நாள் மாறாது. எது காத்திருக்கலாம், எது கூடாது என்பதை அட்டவணை பிரித்துக் காட்ட வேண்டும்.

சுருக்கக் கூடாத நாட்கள்

கான்கிரீட் பணிக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456:2000, முட்டுகளை அகற்றுவதற்குரிய குறைந்தபட்சக் காலத்தை வரையறுத்துள்ளது. சாதாரண போர்ட்லாந்து சிமெண்டைப் பயன்படுத்தி, முறையாக நீராற்றி, வெப்பநிலையும் 15 பாகை செல்சியசுக்குக் குறையாதபோது, 4.5 மீட்டர் வரை இடைத்தூரமுள்ள தளங்களுக்கு 7 நாட்கள். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 14 நாட்கள். உத்தரங்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாட்கள். அதற்கு மேல் 21 நாட்கள். நீராற்றுதல் குறைந்தது 7 நாட்கள். கலப்புச் சிமெண்டாயின் குறைந்தது 10 நாட்கள். வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் இக்காலம் இன்னும் கூடும்.

வேலையாட்களைக் கூட்டினால் செங்கல் சுவர் விரைவில் எழும்பும்; கான்கிரீட் விரைவில் இறுகாது. தாமதத்தை ஈடுகட்ட இந்நாட்களைக் குறைக்கும் நிறுவனம், காலத்தை மீட்பதாகக் கூறிக்கொண்டு வீட்டின் வலுவைக் குறைக்கிறது.

நடைமுறைப்படுத்துதல்

அலுவலகத்தில் அமர்ந்து விருப்பப்படி எழுதிய அட்டவணை கட்டுமான இடத்தில் நிலைக்காது. முடிந்த வீடுகளில் ஒவ்வொரு பணிக்கும் உண்மையில் எத்தனை நாட்கள் ஆயின என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். மேஸ்திரி, கம்பி கட்டுவோர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் ஆகியோரைக் கலந்து பேச வேண்டும். முதலில் சில வீடுகளில் மட்டும் பின்பற்றிக் குறைகளைத் திருத்தியபின் எல்லா இடங்களுக்கும் விரிவாக்குதல் நன்று. மழைக்காலத்துக்கு உரிய நாட்களையும் அந்தந்த வட்டாரத்துக்கேற்பச் சேர்க்க வேண்டும்.

பொறியாளர் வாரந்தோறும் முடிந்தவற்றைக் குறிப்பதோடு, அடுத்து வரும் வாரங்களுக்கான பொருளும் ஆளும் உறுதியா என்பதையும் பார்க்க வேண்டும். கதவு, சன்னல் சட்டங்கள் தேவைப்படும் நாளில் அவற்றுக்கு ஆணை கொடுப்பதில் பயனில்லை. ஒரு நாள் தவறினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். காரணமின்றித் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், அட்டவணையை எவரும் நம்பமாட்டார்.

நமது பங்கு

தரை ஓட்டின் நிறம், மின்பொத்தான்களின் இடம் முதலியவற்றை உரிய நாளுக்குள் தெரிவிப்பது வாடிக்கையாளரின் கடமை. பூச்சு முடிந்தபின் மாற்றம் கேட்டால் சுவரை மீண்டும் உடைக்க நேரும். செலவும் நாளும் கூடும்.

வீட்டுக்கடனைக் கட்டுமான நிலைகளோடு இணைத்தே வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013இல் அறிவுறுத்தியது. ஆகவே நிலை முடிந்ததை உறுதிசெய்த பின்னரே வங்கிகள் அடுத்த பகுதியை விடுவிக்கின்றன. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன்படி, பதிவு பெற்ற திட்டங்களில் வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, பணி முன்னேற்றத்துக்கேற்பவே எடுக்க இயலும். பணி எந்நிலையில் எப்போது முடியும் என்ற காலவரிசையை அறியும் உரிமையும் வாங்குவோருக்கு உண்டு. உரிய நாளில் வீடு கிடைக்காதபோது, விலகாமல் காத்திருப்போருக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி தரவேண்டும்.

எனவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன், நிலைவாரியான அட்டவணையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முட்டு அகற்றுதலுக்கும் நீராற்றுதலுக்கும் எத்தனை நாட்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். தாங்கள் முடிவு தெரிவிக்க வேண்டிய நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தொகை கோரும் கடிதம் வரும்போது, அட்டவணைப் படியை எடுத்துச் சென்று கட்டுமான இடத்தை நேரில் ஒப்பிட்டுப் பார்த்தபின் ஒப்புதல் அளியுங்கள்.