கறுப்பு நாடா ஒட்டிய கேமரா

தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்பே சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு தொடங்கிவிடும். அந்த மாலைகளில் தேக்காவுக்கு வருபவர் பலரின் கழுத்தில் கேமரா தொங்கும். சிலருடைய கேமரா, கடையில் வாங்கியபடியே கறுப்பாக இருக்கும். வேறு சிலர் பழுப்புத் தோலுறை, வண்ணக் கழுத்துவார், ஒட்டுவில்லைகள் என்று அதை அழகுபடுத்தியிருப்பார்கள். அது அவரவர் விருப்பம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், கேமராவின் தோற்றத்தை அதன் முன்னே நிற்பவரும் பார்க்கிறார்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்ட்டியே பிரசோன் இதை நன்கு உணர்ந்திருந்தார். அவர் பயன்படுத்தியது லைக்கா என்னும் சிறிய ஜெர்மானியக் கேமரா. அதன் உலோகப் பகுதிகள் வெயிலில் மின்னும். அந்த மினுக்கம் கண்ணில் பட்டால் மக்கள் செய்யும் வேலையை நிறுத்திவிட்டு, படத்திற்காக நிமிர்ந்து நிற்பார்கள். ஆகவே, அவர் அப்பகுதிகளின்மீது கறுப்பு நாடாவை ஒட்டி மறைத்தார்.

1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்தவர் இவர். பின்னர் இறுதி ஊர்வலத்தையும் படம் பிடித்தார். 1950இல் திருவண்ணாமலைக்குச் சென்று, ரமண மகரிஷியை அவருடைய கடைசி நாள்களில் படம் எடுத்தார். நோயுற்ற ஒருவரைச் சுற்றி அன்பர்கள் அமைதியாக அமர்ந்திருக்கும் இடத்தில், கண்ணைப் பறிக்கும் கருவி எவ்வளவு இடைஞ்சலாக இருக்கும்!

லைக்காவைத் தயாரித்த நிறுவனமோ இரு பக்கமும் சென்றது. ஏறத்தாழ 1929இல் தங்க முலாம் பூசிய கேமராக்களைச் செய்து விற்றது. 2011இல் வெளிவந்த எம்9-பி கேமராவில், தன் அடையாளமான சிவப்பு வட்டத்தையே நீக்கியது. பழைய கறுப்பு லைக்காவில் பல ஆண்டுகள் கைபட்டுக் கைபட்டு வண்ணம் தேய்ந்து, அடியிலுள்ள பித்தளை தெரியும். 2015இல் பாடகர் லென்னி கிராவிட்ஸுடன் இணைந்து, புதிய கேமராவின் வண்ணத்தை வேண்டுமென்றே தேய்த்து, பழையதுபோல் ஆக்கி, 125 மட்டும் வெளியிட்டார்கள். புதுக் காற்சட்டையைக் கிழித்து விற்பதைப் போன்றதுதான் இதுவும்!

அலங்காரம் எல்லாமே வீண் என்று சொல்லிவிட முடியாது. நம் ஊர் வெக்கையில் கை வியர்க்கும்போது, சொரசொரப்பான உறை பிடிமானம் தரும். கேனான் நிறுவனத்தின் பெரிய லென்சுகள் சில வெள்ளையாக இருப்பது வெயிலின் சூட்டைக் குறைப்பதற்காகத்தான். ஆனால், தோலுறை வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் தோலில் எளிதாகப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சிராங்கூன் சாலையின் நகைக்கடைகளை வெளியிலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். பளிச்சென்ற கேமராவாக இருந்தால், அதன் உருவம் கண்ணாடியில் விழுந்து ஆரங்களின் நடுவே தெரியும். கறுப்புக் கேமராவில் இந்தத் தொல்லை குறைவு.

பஃபலோ சாலைப் பூக்கடையில் சிக்கல் வேறு. ஒட்டுவில்லைகள் நிறைந்த கேமராவைப் பார்த்ததும் பூக்கட்டும் அம்மா சிரித்து, சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்ப்பார். விரல்களின் வேகம் படத்தில் இருக்காது. ஆனால், படம் எடுக்கப்படுவது அவருக்குத் தெரியும். கறுப்பு நாடா ஒட்டிய கேமராவில் விரல்கள் அருமையாக விழும். அவருக்கோ எதுவும் தெரியாது. கார்ட்டியே பிரசோனின் திறமையைப் போற்றும் பலர் இந்தப் பக்கத்தைப் பேசுவதில்லை. மறைவாக எடுத்த படம் சிறப்பாக அமைந்தாலும், அதில் இருப்பவரிடம் கேட்டிருக்க வேண்டாமா?

இரண்டு முழம் மல்லிகை வாங்குங்கள். “அம்மா, நீங்கள் பூக்கட்டுவதைப் படம் எடுக்கலாமா?” என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், சற்று ஒதுங்கிக் காத்திருங்கள். அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் அவருடைய கவனம் நாரின்மீது திரும்பிவிடும். அப்போது உங்கள் கேமரா கறுப்பா, சிவப்பா என்று அவர் பார்க்கமாட்டார்.