எடை குறையாத நடையால் பயன் உண்டா?

கேள்வி: நாள்தோறும் நடந்தும் எடை குறையவில்லை, சர்க்கரை நோயைத் தடுக்க அந்த நடை உதவுமா?
– வாசகர், மதுக்கரை

பதில்: உதவும். உண்ட உணவைச் சக்தியாக மாற்றிச் செலவிடவும் சேமிக்கவும் உடல் நடத்தும் வேதிவினைகளின் தொகுதியே வளர்சிதை மாற்றம். அதன் நலத்தை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் நோய்க்கு ஆளாயினர். தினமும் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்து, சர்க்கரையையும் தீட்டிய மாவுப்பொருளையும் குறைக்கும்படி வழிகாட்டப்பட்டவர்களிலோ அது சுமார் 39 விழுக்காடுதான். வியப்புக்குரிய செய்தி, அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதே. இயங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்வதோடு, இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவரக் கட்டுப்படாத ‘இன்சுலின் எதிர்ப்பு’ நிலையும் நடையால் தணிகிறது.

நடையோடு உணவிலும் உறக்கத்திலும் கவனம் தேவை. கொங்கு வீடுகளின் கொள்ளுப் பருப்பு நார்ச்சத்தும் புரதமும் மிக்கது. கம்மஞ்சோறு நல்லதே ஆயினும், அளவு மீறினால் அதுவும் மாவுப்பொருளே. இரவு ஷிப்டால் கெடும் உறக்கம் இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டியிருந்தால், எடை எதுவாயினும், வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.