மொட்டை மாடியில் கோடைச் சிலம்பம்

கேள்வி: கோடை விடுமுறையில், மாலை வேளையில், வீட்டு மொட்டை மாடியில் சிலம்பம் பழகலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: பழகலாம், எனினும் மாலையைவிட விடியற்காலையே ஏற்றது. பகல் முழுதும் வெயிலை உள்வாங்கிய கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பின்னும் அவ்வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருப்பதால், வெறுங்காலுடன் காலடி வரிசை, அதாவது கம்பின் வீச்சுக்கு இசையப் பாதங்களை மாற்றி வைக்கும் அடிப்படைப் பயிற்சி, செய்பவரின் உடல் எளிதில் தணிவதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது என்பதும், கரையோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் அதற்குத் தடையாகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டியவை. கத்திரி வெயிலில் வெப்பமானியை மட்டும் நம்புவது தவறு. வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ 7 முதல் 14 நாட்கள் ஆகுமாதலால், முதல் நாளே மணிக்கணக்கில் கம்பு சுழற்றுவது வீரமன்று, அறியாமையே. தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் உடனே நிறுத்தி, நிழலில் அமர்ந்து, உப்பிட்ட நீர்மோர் பருகுவது நலம்.

மூங்கில் கம்பு வெயிலில் கிடந்தால் வெடித்து, சிம்பு உள்ளங்கையில் ஏறும். அதை நிழலில் வைத்து எண்ணெய் தடவ வேண்டும். கம்பு பெரும்பாலும் ஆடுபவரின் நெற்றியை எட்டும் நீளமுடையதாதலால், துணிக்கொடியும் மின்கம்பியும் அதன் வீச்சுக்குள் வரலாகாது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பழகவே வேண்டாம்.