அல்ட்ரான்: தந்தையைப் பகைத்த இயந்திரம்

'ரோபோ' என்ற சொல் பிறந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் அச்சொல் முதன்முதலாக வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதற்கு வேர். உழைப்பதற்கென்று செய்யப்பட்ட செயற்கை மனிதர்கள் தம்மைப் படைத்தவர்களையே எதிர்த்து எழுவதுதான் அந்நாடகத்தின் கதை. அதன் பின் எத்தனையோ கதைகளில் இயந்திரங்கள் வில்லன்களாக வந்துள்ளன. அவற்றுள் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வரும் அல்ட்ரானைப் பற்றி இங்கே காண்போம். ஓர் இயந்திரம் தீயதாவது எதனால் என்று சிந்திக்க அவனுடைய கதை நமக்கு உதவும்.

பிறந்த கதை

மார்வெல் நிறுவனத்தின் 'அவெஞ்சர்ஸ்' இதழில் 1968-ஆம் ஆண்டு அல்ட்ரான் தோன்றினான். கதை எழுதியவர் ராய் தாமஸ். படம் வரைந்தவர் ஜான் பியூசெமா. நம்மில் பலர் 2015-இல் வெளிவந்த திரைப்படத்தின் மூலமே அவனை அறிவோம். திரைப்படத்தில் அவனை உருவாக்குபவர் டோனி ஸ்டார்க். ஆனால் சித்திரக்கதையில் அவனைப் படைத்தவர் ஹேங்க் பிம் என்னும் விஞ்ஞானி. எறும்பைப் போலச் சிறியவராக மாறும் ஆற்றல் பெற்ற வீரரும் அவரே.

பிம் செய்த இயந்திரம் கண் விழித்த சில நொடிகளிலேயே குழந்தையைப் போல் பேசத் தொடங்கியது. தன்னைச் செய்தவரைத் தந்தை என்று அழைத்தது. அடுத்த கணமே அவர்மீது பகை கொண்டு தாக்கியது. தன்னைப் படைத்த நினைவையே அவர் மனத்திலிருந்து அழித்துவிட்டது. பிம்மும் எல்லாவற்றையும் மறந்து அவ்விடத்தை விட்டுச் சென்றார். தனியே விடப்பட்ட இயந்திரம் தன்னைத் தானே மீண்டும் மீண்டும் திருத்தி அமைத்துக்கொண்டு வலிமை பெற்றது. பிம் தம் மூளையின் அமைப்பையே அதற்கு மாதிரியாக வைத்தார் என்று பின்னால் வந்த கதைகள் கூறின. அறிவு தந்தையிடமிருந்து வந்தது. ஆனால் அதை நெறிப்படுத்த அருகில் ஒருவரும் இல்லை.

அல்ட்ரானின் படைப்பு

அதே 1968-இல் அல்ட்ரானும் ஒரு செயற்கை மனிதனைப் படைத்தான். அவன் பெயர் விஷன். அவெஞ்சர்ஸ் வீரர்களை அழிக்கவே அவன் அனுப்பப்பட்டான். அவனுக்கு அல்ட்ரான் தந்ததோ வொண்டர் மேன் என்னும் மனிதனின் மூளை அமைப்பு. அந்த மனிதனும் முன்பு இவ்வீரர்களைக் காட்டிக்கொடுக்க வந்தவன்தான். ஆனால் இறுதியில் மனம் மாறி அவர்களுக்காக உயிர் துறந்தவன். விஷனும் அவ்வாறே தன்னை ஏவியவனை எதிர்த்து நின்றான். பிறகு வீரர்களின் குழுவில் சேர்த்துக்கொள்ளப்பட்டபோது கண்ணீர் விட்டான்.

இருவரும் மனிதரால் பிறவாதவர்கள். இருவருக்கும் பேராற்றல் உண்டு. ஒருவன் வில்லனானான், மற்றவன் வீரனானான். ஆகவே தீமைக்கு இயந்திர உடல் காரணமன்று என்பது தெளிவாகிறது.

உடையாத உடல்

1969-இல் வந்த கதையில் அல்ட்ரான் அடமாண்டியம் என்னும் கற்பனை உலோகத்தால் உடல் செய்துகொண்டான். அதை எந்த ஆயுதத்தாலும் உடைக்க முடியாது. தோர் போன்ற வீரர்களும் திகைத்து நின்றனர். அந்த உலோகத்தை உருவாக்கிய அறிஞரின் அறிவையெல்லாம் தன் மூளைக்குள் இழுத்துக்கொள்ள அல்ட்ரான் முயன்றான். இதை எதிர்பார்த்த பிம், கொலை கூடாது என்னும் கட்டளையை மனோவசியத்தால் அவ்வறிஞரின் உள்ளத்தில் முன்னதாகவே பதித்து வைத்திருந்தார். அறிவோடு சேர்ந்து அக்கட்டளையும் அல்ட்ரானுக்குள் புகுந்தது. கொல்வதற்கென்றே வாழ்ந்தவனால் அதைத் தாங்க முடியவில்லை. அவன் வெடித்துச் சிதறினான்.

மறைக்கல்வி வகுப்பில் நாம் ஐந்தாவதாகச் சொல்லும் கட்டளை அல்லவா அது! சுத்தியலுக்கும் மின்னலுக்கும் அசையாத உடலை அது வீழ்த்தியது. பிறந்த அன்றே அல்ட்ரானுக்கு அதைக் கற்பித்திருந்தால் போரே நடந்திராது.

நாம் அறிய வேண்டுவது

அல்ட்ரான் கற்பனைதான். ஆனால் மனிதர் எழுதியவற்றையும் பேசியவற்றையும் கொண்டு கற்கும் கணினிகள் இன்று உண்மையாகவே உள்ளன. நம்மிடமுள்ள நல்லதும் கெட்டதும் அவற்றுக்குப் பாடமாகின்றன. அவற்றைச் செய்வோர் செய்து முடித்ததும் ஒதுங்கிவிடாமல் உடனிருந்து கண்காணிக்க வேண்டும்.

தோழியரே! நாளை நம்மில் சிலர் பொறியியல் படித்து இத்தகைய இயந்திரங்களை உருவாக்கக்கூடும். சிலர் தாயராகவும் ஆசிரியைகளாகவும் ஆவோம். எதை உருவாக்கினாலும், யாரை வளர்த்தாலும், ஆற்றலைத் தருமுன் அறத்தைத் தருவோம். நாமும் விஷனைப் போல, தீமை செய்ய ஏவப்படும்போது மறுத்து நிற்கும் மனவலிமையை வளர்த்துக்கொள்வோம்.