‘போர்டு போச்சு’ என்பதை நம்புவதற்கு முன்

அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பருவக்காற்று மாறும். பிற்பகல் இடியும் மின்னலும் வலுக்கும். அதே வாரங்களில்தான் தீபாவளிக்காக, மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஓவனைத் திறந்து பிஸ்கட் சுடுவோம். இண்டக்சன் அடுப்பு காலையிலிருந்து இரவு வரை ஓடும். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் மின்னும். சில வேளை திரையே இருண்டு கிடக்கும். வந்து பார்ப்பவர் பின்பக்கத்தைக்கூடத் திறக்காமல், “போர்டு போச்சு, புதுசா வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டால், அதை உடனே ஏற்காதீர்கள். கட்டுப்பாட்டு போர்டு விலை கூடிய பாகம். சுவரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனால், பெரும்பாலும் போர்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே காரணம் அகப்பட்டுவிடும்.

முதல் வேலை, திரையில் மின்னும் குறியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது. ஒரே குறிக்கு ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு பொருள் உண்டு. ஆகவே உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். கையேடு தொலைந்திருந்தால், அடுப்பின் அடியிலோ ஓவன் கதவின் ஓரத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் எண் இருக்கும்.

படம் எடுத்த பிறகு சுவரில் உள்ள விசையை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். உடனே போட்டுப் பயனில்லை. உள்ளே உள்ள மின்தேக்கிகள் முழுவதும் வடிந்தால்தான் கட்டுப்பாட்டுச் சிப்பு புதிதாகத் தொடங்கும். இடி இடித்த நாளில் வந்த குறி இத்தோடு மறைந்து திரும்பவும் வராமல் இருந்தால், அது மின் அதிர்வால் வந்த தடுமாற்றம்தான். மீண்டும் வந்தால், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஆறிய நிலையில், போட்டவுடன் வந்தால் சென்சார், இணைப்பு வயர், தொடுபலகை ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். நன்றாக ஓடி, சூடேறிய பிறகு வந்தால் விசிறியும் காற்றோட்டமும்தான் முதல் சந்தேகம். பழுதுபார்ப்பவரிடம் இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே அவர் வேலை பாதி முடிந்தது.

பழுதே இல்லாமல் பழுதுபோலத் தோன்றுபவையும் உண்டு. சுவரில் பதித்த ஓவன்கள் பல, மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பியதும் 12:00 அல்லது 0:00 என்று மின்னிக்கொண்டே இருக்கும். நேரத்தைச் சரியாக வைக்காதவரை சூடேறாது. பூட்டுச் சின்னமோ சாவிச் சின்னமோ தெரிந்தால் பிள்ளைகளுக்கான பூட்டு விழுந்திருக்கிறது. அந்தப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் விடும். இண்டக்சனில் பாத்திரத்தை ஏற்காமல் பீப் சத்தம் வந்தால், பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அடுப்பைக் குறை சொல்ல வேண்டாம். அலுமினியமும் பித்தளையும் மண்சட்டியும் அதில் வேலை செய்யாது. எவர்சில்வரிலும் சில வகை ஒட்டாது.

தொடுபலகை விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்குவது. சாம்பார் பொங்கி வழிந்தாலும், முறுக்கு சுட்ட எண்ணெய்ப் படலம் படிந்திருந்தாலும் விரல் இல்லாமலே விரல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தானே அணையும், தானே பீப் போடும். ஆறவிட்டு, சுவரில் அணைத்து, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். கண்ணாடியில் விரிசல் இருந்தால் அன்றோடு அந்த அடுப்பை நிறுத்திவிடுங்கள். விரிசல் வழியாக நீர் இறங்கினால் ஷாக் அடிக்கும்.

அடுத்து மின்சாரம். மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 216க்கும் 253க்கும் இடையே இருக்கலாம். விளக்கு மங்கி மங்கி எரிந்து, அடுப்பும் மின்னழுத்தக் குறியைக் காட்டினால் கோளாறு வீட்டுக்கு வரும் இணைப்பில் இருக்கலாம். கிள்ளான் தாமான் வீடென்றால் மின்சார நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழையுங்கள். பிரிக்பீல்ட்ஸ் கொண்டோ என்றால் முதலில் நிர்வாக அலுவலகத்தைக் கேளுங்கள். மூன்று முனைப் பிளக்கில் ஓடும் அடுப்பானால் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். முனைகள் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் உருகிய வாடை வந்தால், 13 ஆம்பியர் பியூஸைப் பிடித்திருக்கும் கவ்வி தளர்ந்திருக்கலாம். பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். நீட்டிப்பு வயரில் இண்டக்சனை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

தீபாவளி நேரத்தில் தவறாகப் போர்டின் மேல் போடப்படும் பழி ஒன்று உண்டு. ஓவன் விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, சூடு கொடுத்தவுடன், மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை அணைக்கும் ஆர்சிசிபி விழுகிறது. சூடேற்றும் எலிமெண்டுக்குள் மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பல மாதம் பயன்படுத்தாமல் கிடந்தால் ஈரம் ஏறி, மின்சாரம் ஓவனின் உடற்பகுதிக்குக் கசிகிறது. எலிமெண்டை உலர்த்தினாலோ மாற்றினாலோ தீரும். போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொந்தரவு என்று ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் உள்ளவர் உயிரைக் காப்பது அதுதான். மாதம் ஒருமுறை ஓவனை அரை மணி நேரம் வெறுமனே ஓட்டினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

மல்டிமீட்டர் கையாளத் தெரிந்தவருக்கு இரண்டு அளவுகள் போதும். ஓவனின் சப்ளையை வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியான டிபி பெட்டியில் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தொடுங்கள். பெரும்பாலான ஓவன்களில் வெப்பச் சென்சார் பின்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய். அதன் இணைப்பைக் கழற்றி அளந்தால், 30 டிகிரி அறையில் ஒரு வகை ஏறத்தாழ 1,117 ஓம் காட்டும், இன்னொரு வகை 558 ஓம் காட்டும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். எல்லையற்ற அளவோ பூஜ்யமோ வந்தால் சென்சார் அறுந்திருக்கிறது, அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது. அளவு சரி, குறி மட்டும் போகவில்லை என்றால் வயர் முனையில் துரு பிடித்திருக்கலாம். இணைப்பைச் சில முறை கழற்றிப் பூட்டுங்கள். எலிமெண்டைப் பொறுத்தவரை, 2,000 வாட் என்றால் சுமார் 26 ஓம் வர வேண்டும்.

இண்டக்சன் அடுப்பின் உள்ளே மட்டும் கை வைக்காதீர்கள். அதன் மின்தேக்கியில் 325 வோல்ட் வரை தேங்கும். அணைத்த பிறகும் சிறிது நேரம் நிற்கும். வெளியிலிருந்து காற்றுத் துளைகளைத் தூரிகையால் சுத்தம் செய்து, சுவரைவிட்டுத் தள்ளி வைத்து, விசிறி சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். கரப்பான் பூச்சிகளுக்குச் சூடான போர்டு பிடித்த இடம். அவற்றின் எச்சமும் உடலும் ஷார்ட் உண்டாக்கும். திறந்து பார்க்கும் பழுதுபார்ப்பவரிடம் முதலில் அவற்றைத் தேடச் சொல்லுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் குறி போகாவிட்டால்தான் போர்டு. அப்போதும் முழுப் போர்டு தேவையா என்று கேளுங்கள். உப்பிய மின்தேக்கி, கருகிய ரிலே, விரிசல் விட்ட ஈயப் பற்று ஆகியவற்றைத் தனியாக மாற்ற முடியும். புடு பக்கம் ஜாலான் பாசார் கடைகளில் இந்த உதிரிகள் கிடைக்கும். மின்னலில் நேரடியாக அடிபட்டுக் கருகிய போர்டானால் மாற்றுவதே நல்லது. அதன் பிறகு, பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து டிபி பெட்டியில் மின்னல் தடுப்புக் கருவி பொருத்துங்கள். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கியும் வையுங்கள்.

“உதிரி இல்லை” என்று விற்பனையாளர் கையை விரித்தால் அங்கேயே விட்டுவிட வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு பழுதுபார்ப்பு, உதிரிபாக வசதி பற்றியது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே உங்களுக்குத் துணை நிற்கப்போவது வாங்கிய ரசீதும், நீங்கள் எடுத்து வைத்த அந்தக் குறியின் படமும், பழுதுபார்ப்பவர் எழுதிக் கொடுத்த சீட்டும்தான். மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.