பல மின்னழுத்தங்களுக்கும் ஏற்ற ஒலிவாங்கி

தமிழாசிரியனுக்கு மின்சுற்றில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்குமுன் ஒரு நிகழ்ச்சியைக் கேட்டருள வேண்டுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நமுனுகுலை மலைச்சாரலிலுள்ள தோட்டமொன்றில் மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பதிவு செய்யச் சென்றோம். எண்பது வயதைக் கடந்த கூத்து வாத்தியார் ஒருவர், தம் தந்தையாரிடம் வாய்மொழியாகக் கற்ற பாடல்களை விடியுமட்டும் பாடினார். அன்றிரவு மின்சாரம் தடைப்பட்டமையால், லொறி பற்றரியின் 12 உவோற்றையே நம்பவேண்டியதாயிற்று. எம்மிடமிருந்த ஒலிவாங்கியோ 48 உவோற்றுக்கென அமைந்தது. ஓசை வந்தது, ஆயின் உரத்த அடிகள் நெரிந்துபோயின, மெல்லிய அடிகள் இரைச்சலில் மறைந்தன. அடுத்த மாசி வருமுன் அப்பெரியவர் காலமானார். குற்றம் கருவியினதன்று, எம் அறியாமையினது. அவ்வறியாமை நீங்க யான் பயின்றதையே ஈண்டு பாடமாக வரைகின்றேன்.

ஒடுக்கி ஒலிவாங்கியை 1916 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஆக்கியவர் ஈ. சீ. வென்ற் என்பார். ஒன்றையொன்று தொடாத இரு தகடுகளே அதன் உயிர்நிலை. முன்தகடு மிக மெல்லியது. ஒலியலை பட்டதும் அதிரும். தகடுகளின் இடைவெளி மாறக் கொள்ளளவம் மாறும். ஏற்றம் மாறாதிருப்பதால் தகடுகளிடையே அழுத்தம் ஏறி இறங்கும்; அதுவே குரலின் மின்வடிவம். 1962 இல் பெல் ஆய்வுகூடத்தில் செஸ்லர், வெஸ்ற் என்னும் இருவர், ஏற்றத்தை நிலையாகத் தாங்கும் மென்படலத்தாலான ஒலிவாங்கியை அமைத்தனர். இதுவே எலெக்ரெற் வகை. இதன் தகடுகளுக்குப் புறமின்சாரம் வேண்டா. உள்ளிருக்கும் சிறு திரான்சிற்றருக்கு மட்டும் ஏறத்தாழ அரை மில்லியம்பியர் போதும்.

அவ்வளவு சிறிது வேண்டும் கருவிக்கு 48 உவோற்று எதற்கு? 1966 இல் நோர்வே நாட்டு வானொலியார், ஒலி செல்லும் கம்பிகளின் வழியே மின்னும் செல்லுமாறு ஒலிவாங்கி வேண்டுமென ஜேர்மனியின் நொய்மன் நிறுவனத்தாரைக் கேட்டனர். அவர்தம் நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென 48 உவோற்று முன்னரே இருந்தது, அதுவே வழக்காயிற்று. பின்னர் 12, 24, 48 என மூன்று அழுத்தங்கள் சருவதேச நியமமாயின. 48 உவோற்று முறையில் இரு கம்பிகளுக்கும் தனித்தனியே 6800 ஓம் தடையினூடாக மின் ஊட்டப்படும். இரண்டும் சேர்ந்து 3400 ஓம் தடைக்குச் சமம். ஒலிவாங்கி 10 மில்லியம்பியருக்கு மேல் எடுத்தலாகாது.

நம் தோட்டப்புறங்களில் நிலை யாது? ஓரிடத்தில் 9 உவோற்றுச் சிறு பற்றரி. அதுவும் தேயத் தேய 7 ஆகும். மற்றோரிடத்தில் லொறி பற்றரி. ஏற்றம் பெறும்போது 14, தளரும்போது 11. நகர மண்டபத்தில் 48. ஒரே கருவி இவையனைத்துக்கும் இயைதல் வேண்டும்.

லயன்களுக்கு மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரை நினைமின். மாரியில் பாயும், கோடையில் சொட்டும். ஆயின் தொட்டியின் விளிம்பருகே ஒரு வடிதுளை இருப்பின், வரத்து மிகினும் நீர்மட்டம் உயராது. சேனர் இருவாயி என்பது அத்தகைய வடிதுளையே. 5.6 உவோற்றுச் சேனர், மிகுந்த மின்னோட்டத்தைத் தன்வழியே விடுத்து அழுத்தத்தை அம்மட்டத்தில் நிறுத்தும்.

இனிக் கணக்கு. மின்மூலத்துக்கும் சேனருக்கும் இடையே மொத்தம் 3900 ஓம் தடை உளதெனக் கொள்வோம். 12 உவோற்றில் 6.4 ஐ 3900 ஆல் வகுக்க ஏறத்தாழ 1.6 மில்லியம்பியர் வரும், நன்று. 24 இல் 4.7 ஆகும். 48 இலோ 10.9, நியம எல்லை கடந்தது. மறுபுறம், தேய்ந்த 7 உவோற்றுப் பற்றரியில் 0.36 மட்டுமே, கருவிக்கு வேண்டிய அரை மில்லியம்பியருக்கும் குறைவு. எனவே வடிதுளை மட்டும் போதாது. வரத்தையும் அளந்துவிடும் மடை வேண்டும்.

அம்மடையை ஒரு பீ.என்.பீ திரான்சிற்றரால் அமைக்கலாம். அதன் காலியை 390 ஓம் தடையினூடாக நேர்முனையுடன் இணைக்க. நேர்முனைக்கும் அடிக்கும் இடையே இரு சிலிக்கன் இருவாயிகளைத் தொடராக வைத்து, அடியிலிருந்து 47,000 ஓம் தடையைப் புவிக்கம்பிக்குக் கொடுக்க. இருவாயிகளில் ஏறத்தாழ 1.2 உவோற்று நிற்கும், அதில் 0.6 திரான்சிற்றருக்குப் போக, எஞ்சிய 0.6 உவோற்று 390 ஓமில் விழும். ஆகவே ஓட்டம் ஏறத்தாழ 1.5 மில்லியம்பியர். மூலம் 7 ஆயினும் 48 ஆயினும் இது சிறிதே மாறும். 48 உவோற்று முறையிலும் மொத்தம் 2.5 மில்லியம்பியர் அளவே செல்லும்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று: மின்னைத் தொடுக்குங்கணத்தில் முழு அழுத்தமும் திரான்சிற்றர்மீது விழக்கூடும், 80 உவோற்றுத் தாங்குவதைத் தெரிக. இரண்டு: சேனர் தானும் இரைச்சல் எழுப்பும், அதற்கும் ஒலிவாங்கிக்கும் இடையே 1000 ஓம் தடையும், அதன்பின் புவிக்கம்பிக்கு 100 மைக்கிரோபரட்டு ஒடுக்கியும் வைத்து வடிகட்டுக. மூன்று: உள்ளழுத்தம் சிறிதாதலின் மிக உரத்த ஒலியை இக்கருவி தாங்காது, தப்பு முழங்கும் களத்தில் சற்றுத் தள்ளி வைத்தலே முறை.

மலையகத் தமிழரின் வருகைக்கு 2023 இல் இருநூறாண்டு நிறைந்ததென விழா எடுத்தோம். அவ்விரு நூற்றாண்டுகளின் வரலாறு பெரும்பாலும் ஏட்டில் இல்லை. முதியோர் நாவில் உளது. ஏட்டைக் கறையான் அரிப்பினும் படி எடுக்கலாம். அடங்கிய குரலுக்குப் படி ஏது?

ஆதலின் நம் கல்லூரி மாணாக்கர் இச்சுற்றைப் பௌதிக ஆய்வுகூடத்தில் அமைத்து, 7, 12, 24, 48 என நான்கு அழுத்தங்களிலும் ஓட்டத்தை அளந்து குறித்தல் வேண்டும். அளந்தபின் ஆய்வுகூடத்திலேயே வைத்துவிடாது, விடுமுறையில் தத்தம் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று, பாட்டன் பாட்டியரின் முன் வைத்தல் வேண்டும். வசதி படைத்த பழைய மாணவர் உதிரிப்பாகங்களை வாங்கி உதவின், அதுவே இவ்விழாவிற்கு அவர்கள் அளிக்கும் நற்காணிக்கையாகும்.